கண்ணில் படாத சர்வர்

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போகிற உங்களுக்குத் தெரியாததா? பழுது எங்கே என்று யாருக்கும் தெரியாது. யாரால் என்பது மட்டும் நாம் படியேறுவதற்குள் முடிவாகியிருக்கும்.

எண்பதுகளின் கடைசியில், திருநெல்வேலிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்த புதிதில், என்னை முதன்முதலாகத் தனியே அனுப்பிய இடம் தென்காசியில் ஒரு மரக்கடை அலுவலகம்.

பெட்டி இருக்கிறது, காணோம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்த காலையில் போனேன். உள்ளறையில் சர்வர் சந்தனப் பொட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மேசைகளில் இருந்த மூன்று கம்ப்யூட்டர்களும் அப்படி ஒரு சர்வரே இல்லை என்றன. சாயங்காலம் முதலாளியின் அண்ணன் வருகிறாராம். அதற்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் கட்டித் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டருக்கென்றே வேலைக்கு எடுத்த பெண் ஜன்னத். மெசின் போனால் அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் அசையாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் சர்வரைக் காட்டினார். "இங்கன தான இருக்கு? என் கண்ணுக்குத் தெரியுது. அந்த மெசினுக்கு மட்டும் ஏம்மா தெரிய மாட்டேங்கு?"

குற்றாலத்துக் காற்று

கணக்கர் சுப்பையா அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. குற்றாலத்தில் முந்தின நாள் நல்ல மழை. அந்த ஈரக்காற்று சர்வருக்குள் புகுந்துவிட்டது. மேசை விளக்கில் நூறு வாட் பல்பை மாட்டிச் சர்வரை ஒட்டி வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அவர் டீ குடிக்கப் போனதும் அணைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டுட்டு. இனி முழிச்சிரும்" என்றார்.

டிரங்க் கால்

முழிக்கவில்லை. திருநெல்வேலிக்கு டிரங்க் கால் போட்டேன். முதலாளி எதிரிலேயே இருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேபிளின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா என்று கேட்டார் எங்கள் மேலதிகாரி. எல்லா மெசினையும் கோத்துப் போகும் அந்தக் கேபிளின் இரு கோடியிலும் விரல்நுனி அளவில் ஓர் உலோக மூடி இருக்க வேண்டும்; ஒன்று கழன்றாலும் எந்த மெசினும் சர்வரைப் பார்க்க முடியாது. உள்ளறை முனையைப் பார்த்துவிட்டேன், மற்றது ஜன்னத்தின் காலடியில் இருக்கிறது, அவளை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்தேன். மேலதிகாரிக்குக் கேட்கவில்லை. நடுவில் லைன் போட்டுக் கொடுத்த எக்ஸ்சேஞ்ச் பெண்ணுக்குக் கேட்டது.

"சார், ஒரு முனைதான் பாத்திருக்காவ. இன்னொண்ணப் பாக்க வெக்கப்படுதாவ."

சாமி படத்தடியில்

மேசைக்கடியில் குனிந்தேன். மூடி இல்லை. நிமிர்ந்தபோது ஜன்னத் என் காதருகே வந்து சொன்னாள். பூஜைக்கு ஆளுக்கொரு கருவியைச் சாமி படத்தடியில் வைத்தார்களாம்: ரம்பம், அளவு டேப், சுப்பையா அண்ணாச்சியின் பேனா. அவளுடைய கருவி தூக்க முடியாத கனம். தன் மெசின் சார்பிலும் ஏதாவது இருக்கட்டும் என்று, பளபளவென்று கைக்குக் கழன்று வந்ததை வைத்திருக்கிறாள். வெறும் மூடிதானே, மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். தட்டில் வாடிய சாமந்திக்குள் அது கிடந்தது, வாய் நிறையச் சந்தனத்தோடு.

பேசாமல் மாட்டிவிடுகிறேன் என்று கண்ணைக் காட்டினேன். அவளோ நேரே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். நான் என் தலையிலிருந்த ஹேர்பின்னால் சந்தனத்தைச் சுரண்டி மாட்டினேன். மூன்று திரைகளிலும் ஒவ்வொன்றாகச் சர்வர் வந்தது. முதலாளி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த வருசம் மெசினுக்கே மாலையப் போடு, ஜன்னத். எதையும் கழட்டாத. இப்ப செங்கோட்டை லோடு கணக்க எடு, அண்ணன் வந்துருவாவ."

ஆகவே, என்னைப் போல் அவதிப்படுகிறவர்களே, சர்வரைக் காணோம் என்று யாராவது கூப்பிட்டால், ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் நேற்று அங்கே என்ன விசேஷம் என்று கேட்டுவிடுங்கள்.