மோஹாக் பிள்ளைக்கு நான் கொடுத்த குரல்

ஒரே வாயால் ஏழு பேருக்குக் குரல் கொடுக்கிறவளுக்குத் தன் சொந்தக் குரல் திரும்பி வர, படம் முடிந்து ஒரு கிளாஸ் தண்ணி குடிக்க வேணும்.

டொக்டர் சொன்னதை அம்மாவுக்கும், அம்மா சொல்லாததையும் சேர்த்து டொக்டருக்கும் சொல்லி வளர்ந்த என் இனப் பிள்ளைகளே, இது உங்களுக்கு விளங்கும். எனக்கு வயது பதினைந்து. பலெர்மோவில், கபோச் சந்தைக்குப் பின்னாலிருக்கிற மாதா கோயில் மண்டபத்தில், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் வீடியோவில் படம் போடுவார்கள். படம் இத்தாலியனில் கதைக்கும். பார்க்க வருகிற அன்ரிமார் சின்யோராக்களின், அதாவது இத்தாலிய எசமானியம்மாக்களின் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். கூட்டு, துடை, அயன் பண்ணு என்பதற்கு அப்பால் இத்தாலியன் அவர்களிடம் அதிகம் கதைத்ததில்லை. ஆகவே ரிவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, கையில் மைக், அதில் நான். பாதர் முதல் பஸ் றைவர் வரை எல்லாருடைய குரலும் எனக்கு வரும் என்பதால் என் பெயர் மைனா. பின்னேரம் அவர்கள் வேலைவீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதனால் ஒரு படத்தை நாலு ஞாயிறாக வெட்டித்தான் பார்ப்போம்.

கனடா எண்டால்

பாதர் ஒரு கசற் கொண்டுவந்தார். மோஹாக் என்ற பழங்குடியில் பிறந்த ஒரு சிறுமி வளர்ந்து ஆளாகிற கதை, கனடாவில் நடக்கிறது என்றார். அதில் ‘கனடா’ மட்டும் வேலைவீடு வேலைவீடாகப் பரவி, அந்த ஞாயிறு கதிரை போதவில்லை. ரொறன்ரோவில் ஒரு தம்பியோ மச்சாளோ இல்லாத ஆள் எங்களில் யார்?

படத்தில் பனி, ஆறு, ஒரு மரவீடு. சின்ன வயதிலேயே பட்டணத்தில் வேறு ஆக்களிடம் விடப்பட்ட பிள்ளை, பன்னிரண்டு வயதில் பெத்த தாயிடம் திரும்பி வருகிறாள். தாய் தங்கள் மொழியில் கதைக்கிறாள். பிள்ளைக்கு அது மறந்துபோய்விட்டது. மற்ற எல்லாவற்றையும் இத்தாலியன் ஆக்கியவர்கள் அந்த மோஹாக் பேச்சை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. அதுக்காக மைனா வாயை மூடுமா? தாய் ஆற்றைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னாள். “அந்தக் கரையிலைதான் பிள்ளை, உன்ரை மாமா பலசரக்குக் கடை வைச்சிருக்கிறார்” என்று விட்டேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசை பிலோமினா அன்ரி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை தேடினா. “எடி மைனா, கனடாப் படம் எண்டாய், எங்கையடி எங்கடை சனம்?”

ஒரு மூக்குறிஞ்சல்

இரண்டாம் ஞாயிறு அந்தப் பிள்ளைக்குப் புதுக்குரல் தேவைப்பட்டது. மண்டபக் கடைசி வரிசையில், கதவோடு ஒட்டிக்கொண்டு செல்வி இருந்தாள்.

செல்வி மன்னாரிலிருந்து வந்து மூன்று மாதம். வயது பதின்மூன்று. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாய் ரோசலின் அன்ரி அவளைத் தன் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இஞ்சை வேலைக்கு வந்தவ. அன்ரி சின்யோரா வீட்டிலேயே தங்கி வேலை. செல்வி கன்னியாஸ்திரிகளின் விடுதியில். ஞாயிறுதான் இரண்டு பேரும் முகம் பார்க்கிற நாள். செல்விக்கு ‘அம்மா’ என்றால் மன்னாரிலிருக்கிற சித்தி. பெத்தவவைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. ஏதும் வேண்டுமென்றால் முன்னால் வந்து நிற்பாள். அன்ரி ஒருநாள் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது: “இந்த மாசம் முடியப் பாப்பன். ஒருக்காலாவது அம்மா எண்டு கூப்பிடாட்டி, பிடிச்சு வைச்சிருந்து என்ன? தங்கச்சியிட்டையே அனுப்பிவிடுறன்.”

இவ்வளவும் தெரிந்திருந்தும் செய்தேன். செல்வி கதைக்க முதல் மூக்கை ஒருக்கால் உறிஞ்சுவாள். பிறகு சோம்பலாகத் தொடங்கிக் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவாள். படத்துப் பிள்ளை உறைந்த ஆற்றில் சறுக்கி விழுந்தாள். நான் மூக்கை உறிஞ்சினேன். “அம்மா, கால்...” அச்சு அசல் செல்வி. வரிசை வரிசையாகத் தலைகள் கடைசிக் கதிரையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

ரோசலின் அன்ரி சிரிக்கவில்லை. படமும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. எல்லாரும் போன பிறகு, நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருக்க, கடலைமாப் பொரியல் வைத்த பாண் ஒன்றை என் கையில் வைத்தா. “பிள்ளை, வாற ஞாயிறும் அவளின்ரை குரலிலையே கதை, என்ன?”

கூடப் போட்ட அம்மாக்கள்

கதைத்தேன். படத்துப் பிள்ளை சாப்பிட்டால் ஒரு அம்மா, கதவைச் சாத்தினால் ஒரு அம்மா. உண்மையில் அந்தப் பகுதியில் அவள் தாயோடு கோபம். பெரிய பெட்டையளோடு சேர்ந்து திரிகிறாள், லிப்ஸ்ரிக் பூசுகிறாள். பள்ளிக்கூட வாசலில் தாய் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து நிற்கிறாள். யார் இந்தப் பொம்பிளை என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள். பிள்ளை இத்தாலியனில் தெளிவாகச் சொன்னாள்: “தோமெஸ்திகா.” எங்கள் வீட்டு வேலைக்காரி.

மண்டபம் முழுக்க வேலைக்காரிகள். நான் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னேன்: “இவதான் என்ரை அம்மா.”

மூன்று மாதம் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு அந்தச் சொல் தெரியாதா? படிக்கட்டில் செல்வி என்னை மறித்தாள். “அவள் சொன்னது அதில்லை. நீ ஏன் பொய் சொன்னனி?” “உன்ரை அம்மா சந்தோசப்படுவா எண்டுதான்...” அவள் மூக்கை உறிஞ்சினாள். இந்தமுறை அது அழுகை. “கூப்பிடுறதெண்டால் நான் கூப்பிடுவன். உனக்கென்னடி?”

வியாழக்கிழமை

வேலைவீடுகளில் வியாழன் அரைநாள் லீவு; விடுதியில் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்க்க விடமாட்டார்கள். வியா மக்வேதா வீதியில் சப்பாத்துக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் ரோசலின் அன்ரி நின்றா. பெட்டையளுக்கான சப்பாத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு. செல்வியின் கால் அளவு தனக்குத் தெரியாது, அவளிடம் கேட்கவும் முடியவில்லை என்றா. என்னால் அதுக்கு மேல் தாங்க முடியவில்லை. அந்த அம்மாக்கள் எல்லாம் நானாகப் போட்டவை, பள்ளிக்கூட வாசலில் அவள் சொன்னது வேறு என்று என் சொந்தக் குரலில் சொன்னேன். அது நடுங்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

அன்ரி கோபிக்கவில்லை. சப்பாத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. “பதினாறு சொல்லுத்தான் இந்தப் பாசையிலை எனக்குத் தெரியும் பிள்ளை. தோமெஸ்திகா அதிலை முதலாவது.”

கடைசித் துண்டு

நாலாம் ஞாயிறு, பக்கத்து அறையில் ஞானஸ்நான விருந்து என்று கடைசி வரிசைக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுமையாக இருந்தது ஒரே ஒரு கதிரை, ரோசலின் அன்ரிக்குப் பக்கத்தில். செல்வி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு போய் அதன் நுனியில் இருந்தாள்.

மாசம் முடிய இன்னும் இரண்டு நாள். அன்று படத்துப் பிள்ளைக்கு நான் யாருடைய குரலையும் போடவில்லை. “இண்டைக்கு மைனாவுக்குத் தடிமன் பிடிச்சுக் குரல் அடைச்சுப்போச்சோ?” என்று பிலோமினா அன்ரி முணுமுணுத்தா.

கடைசிக் காட்சி. பனி உருகி ஆறு ஓடுகிறது. தாயும் மகளும் கரையில். மகள் கதைக்கத் தொடங்கினாள். இத்தாலியனில் அல்ல, மோஹாக்கில்; தட்டித் தடவி, பிழை விட்டுத் திருத்தி, நீளமாக. அடுத்த வசனத்துக்கு என் மூக்கு தானாகவே உறிஞ்சத் தயாரானது. என்ன வேண்டுமென்றாலும் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மைக்கை நிறுத்தி மடியில் வைத்தேன். மண்டபத்தில் அவள் குரல் மட்டும்.

ரோசலின் அன்ரி முன்னுக்குச் சாய்ந்தா. “மைனா, அவள் தாயிட்டை என்ன சொல்லுறாள்?”

“எனக்கு விளங்கேல்லை அன்ரி.”

அன்ரி விடவில்லை. “கொஞ்சமெண்டாலும் விளங்குமெல்லே? என்னவாம்?”

பக்கத்துக் கதிரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எரிச்சலோடு சொன்னது: “ஒருத்தருக்கும் விளங்கேல்லை அம்மா, பேசாமல் பாருங்கோ.”

இந்தத் தொழிலுக்கு வரப்போகிற உங்களுக்கு என்னால் கற்றுக்கொடுக்கக்கூடியது, மைக்கில் நிறுத்துகிற பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான்.