பழைய பொயிலர் போன பிறகு

வாடகைக்கு விட்ட வீட்டில் குளிர்காலம் முழுவதும் சூடு இருபத்தொரு பாகைக்குக் குறையக் கூடாது என்பது நகரசபை விதி. குறைந்தால் யாரிடம் முறையிடுவது, எத்தனை பிரதி வைப்பது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் காலமெல்லாம் அதைத்தான் செய்தேன். ஆனால் மகன் வீட்டு நிலவறையில் வாடகையில்லாமல் குடியிருக்கும் தாய் தகப்பனுக்கென்று யாரும் விதி எழுதவில்லை.

இந்தக் குளிர்தேசத்தில், வோபர்ன் பகுதியில் மகன் வாங்கிய வீட்டில், எங்கள் கட்டிலுக்கு எதிரே பழைய இரும்புப் பொயிலரும் சுடுதண்ணீர்த் தாங்கியும் நின்றன. மேல்வீட்டு அறைகளைச் சூடாக்கும் ரேடியேற்றர்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் அவைதான் சூடு கொடுத்தன. பொயிலர் இரவெல்லாம் உறுமும். மனைவி அதற்கு மேலே கொடி கட்டி உடுப்புக் காயப்போடுவாள். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் இலையுதிர்காலம், காஸ் பில்லைப் பார்த்து அலுத்துப்போன மகன் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வேலையையும் செய்யும் சின்னப் பெட்டியொன்றைச் சுவரில் பூட்டுவித்தான்.

"இனித் துளி சூடும் வீணாப் போகாது அப்பா."

உண்மைதான். அதுவரை வீணாய்ப் போன சூட்டில்தான் நாங்கள் இருவரும் வாழ்ந்திருந்தோம். நிலவறையில் ஒரு ரேடியேற்றர்கூட இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிற நானும்தான்.

மார்கழியில் மனைவியின் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மகன் படியில் நின்று, "அம்மா, என்ன மாதிரி?" என்று கேட்டால், "எனக்கென்ன, நல்லாயிருக்கிறன்" என்பாள்.

"அவனிட்டைச் சொல்லுவம்," என்றேன்.

"வாய் திறக்கப்படாது. புதுசாய்ப் பூட்டிப்போட்டுப் பெடியன் சந்தோசமா இருக்கிறான். என்னாணை, சொல்லப்படாது."

"உந்தக் கையோட குளிர் முடியிற பங்குனி மட்டும் இருப்பீரோ?"

"உங்கடை ஊர்க் கந்தோர் வேலையை இஞ்சை காட்டாதையுங்கோ."

ஆணை வாய்க்கு மட்டும்தான். மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'பொருள்: அம்மாவின் கைகள்' என்று கீழே கோடிட்டேன். முத்திரை ஒட்டி, எங்கள் விலாசத்திலிருந்து எங்கள் விலாசத்துக்கே தபாலில் போட்டேன். நத்தார் வந்தது, புதுவருடம் வந்தது, பதில் வரவில்லை. மேலே கதவருகில் உடைக்காத கடிதங்கள் குவிந்து கிடந்தன. முறைப்படி நினைவூட்டல் அனுப்பியிருக்க வேண்டும். அந்தப் பொருளை இரண்டாம் முறை எழுத என் கை வரவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் மகன் வேலைக்குப் போகாமல், ஒரு குழாய்வேலைக்காரரோடும் புது ரேடியேற்றரோடும் கீழே இறங்கி வந்தான்.

"ஆரடா உனக்குச் சொன்னது? இந்த மனுசனோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லையம்மா. பூட்டினவங்கள் விட்ட பிழை."

கட்டிலில் அமர்ந்து அவளுடைய கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. அவனது கோட்டுப் பையில் என் கடித உறை, முத்திரையோடு, நீட்டிக்கொண்டு நின்றது.

கடிதம் கிடைத்தது என்று அவன் இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பதில் கிடைத்த திகதி: ஜனவரி பதின்மூன்று.