எல்லா வீட்டுக்கும் போகிறவள்

வீட்டுக்காரர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்திவிட்டு, கருவி உஸ்ஸென்று ஊதி முடிப்பதற்குள் ஹெர்மினியா தட்டிலிருக்கும் வாழைப்பழ வறுவலில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். கருவி எண்ணைக் காட்டும்போது இரண்டாவது வறுவல் கையில் இருக்கும்.

"நேத்துதானே பார்த்தே, நர்ஸக்கா?" வலை தைத்துக்கொண்டிருக்கும் கிழவர் அலுத்துக்கொள்வார்.

"நேத்து ரத்தம் நேத்தோட போச்சு. இன்னிக்கு ரத்தத்தைக் காட்டு."

"வறுவலுக்காகத்தானே வர்றே?"

"பின்னே உன் அழகுக்காகவா?"

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடுவாள். குட்டையான உருவம், அகன்ற பாதம், ரப்பர் செருப்பு, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. அரசாங்க சுகாதார நிலையத்தின் மருத்துவச்சி. ஊர் அவளை நர்ஸக்கா என்றுதான் கூப்பிடும். இலோயிலோ மாகாணக் கடலோரத்தில் இந்தக் கரைத்தெருவைப் போல ரத்த அழுத்தம் பார்க்கப்பட்ட தெரு வேறு இருக்காது. கோழிச்சண்டைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறவனைக்கூட நிறுத்தி, சேவலை ஒரு கைக்கு மாற்றச் சொல்லி, மறு கையில் பட்டையைச் சுற்றுவாள்.

நகரத்திலிருந்து வரும் டாக்டர் ஒருமுறை கேட்டார். "ஹெர்மினியா, உங்க நிலையத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேட்டரி ஆகுது?"

"என் கருவி கொஞ்சம் பேராசை பிடிச்சது டாக்டர்."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காரணம் அவருக்கும் தெரியும்.

அந்தத் தெருவில் யாரோ ஒருவருக்குக் காசநோய் இருக்கும். இந்த வருஷம் ஒரு வீடு, அடுத்த வருஷம் வேறொரு வீடு. ஆறு மாதம் மருந்து. தினமும் மாத்திரையை அவள் கண்ணெதிரே விழுங்கவைக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களில் சிலரைப் புதைக்கவும் போயிருக்கிறாள். அதனால் விதியோடு அவளுக்குச் சண்டை இல்லை. ஆனால் சுகாதார நிலையத்துப் பை தினமும் ஒரே வாசலில் நின்றால், கோயில் மணிக்கூண்டில் ஏறி நோயாளியின் பெயரைக் கூவுவதற்குச் சமம். எனவே எல்லா வாசலிலும் நிற்கிறாள். எந்த ஒரு வீட்டுக்காக மற்ற வீடுகளுக்கும் போகிறாள் என்பது தெருவுக்குத் தெரியாது.

எல்லா வீட்டிலும் சாப்பிடவும் செய்கிறாள். இந்த ஊரில் வாசலில் தலை தெரிந்தாலே "வா, சாப்பிடலாம்" என்பார்கள். முக்கால்வாசிப் பேர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். ஹெர்மினியா உட்கார்ந்துவிடுவாள். நோயாளி வீட்டிலும் அதே மாதிரி, அதே அளவு. சோற்றுத் தட்டால் காசம் தொற்றாது என்பது அவள் படித்த பாடம். எல்லா வீட்டிலும் தின்றுவிட்டு ஒரே ஒரு வீட்டில் மட்டும் வயிறு நிறைந்திருக்கிறது என்றால் தெரு என்ன நினைக்கும் என்பது அவளாகக் கற்றுக்கொண்ட பாடம். இதற்கெல்லாம் அவள் கொடுத்த விலை இடுப்பில் தெரிகிறது.

எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் "எங்கே போறே?" என்று கேட்கிற ஊர் இது. பதிலுக்கு உதட்டைக் குவித்து ஒரு திசையைக் காட்டினால் போதும். ஹெர்மினியா முதலில் தெருவின் ஒரு முனையைப் பார்த்து உதட்டைக் குவிப்பாள், பிறகு மறு முனையைப் பார்த்து. கேட்டவருக்குத் தலை சுற்றும்.

நோய் பற்றி யார் என்ன கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "தெரியாது." இல்லை என்று சொல்லவே மாட்டாள். நோயில்லாத ஒன்பது பேருக்கு "இல்லை" என்று சொன்னால், பத்தாவது ஆளுக்கு வாயை மூடிக்கொள்ளும்போது அதுவே "ஆமாம்" ஆகிவிடும் என்பது அவள் கணக்கு. பாதிரியாருக்கு ஜலதோஷமா? தெரியாது. தும்மல் சத்தம் அவள் நிலையம் வரை கேட்டுக்கொண்டிருக்கும், இருந்தாலும் தெரியாது. படகு ஓட்டும் அவள் கணவன் கல்யாணமான புதிதிலேயே கேட்பதை நிறுத்திவிட்டான். இப்போது நாயிடம்தான் கேட்கிறான். "உன் அம்மா இன்னிக்கு என்னடா செஞ்சா?"

ஊர்த்தலைவர் ஒருமுறை அவளைப் பெட்டிக்கடை நிழலில் மடக்கினார். "மினியா, கரைத்தெருவில யாருக்கோ நெஞ்சுச்சளியாம். யாருன்னு எனக்கு மட்டும் சொல்லு. நீயும் சர்க்கார், நானும் சர்க்கார். சர்க்காருக்குள்ள என்ன ரகசியம்?"

"அதுவும் சரிதான் தலைவரே. அப்ப போன மாசம் நீங்க கதவைச் சாத்திக்கிட்டு என்கிட்ட காட்டின விஷயத்தை நம்ம கிராமசபைச் செயலர்கிட்ட சொல்லிரட்டுமா? அவரும் சர்க்கார்தானே?"

தலைவர் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருஷத்து வீடு ஜோவெலினுடையது. படகுத்துறையில் நூடுல்ஸ் வறுத்து விற்கிற பெண். சுறுசுறுப்பு, நல்ல கைமணம். நோய் வெளியே தெரிந்தால் அவள் கடையில் ஈ கூட உட்காராது. மாத்திரை நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஹெர்மினியாவின் அக்கா பசிதா பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தாள். அவள் மகன் ரோமெல் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டான். பெண், படகுத்துறை ஜோவெலின்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு கேக்கப் போறோம். நீ சித்தி, முன்னாடி உக்காரணும். பச்சைக் கவுனைப் போட்டுக்கோ. அந்தத் துண்டைக் கழட்டிட்டு வா."

"சரிக்கா," என்றாள் ஹெர்மினியா.

அந்த வாரத்தில்தான் புயல் வந்தது. கரைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தகரம் ஒன்று பறந்துவந்து சுவரில் மோதியது. எல்லாரும் ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரைக்குப் புயல் விடுமுறை கிடையாது. ஹெர்மினியா பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அன்று அவள் மூட்டுவலி உயிரை எடுத்தது. இந்த மழையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து ஜோவெலின் வீட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பினாள்.

புயலில் வேறு வேலை இல்லாத ஒரு தெரு முழுக்க அதைப் பார்த்தது.

மறுநாள் சேற்றுக் காலோடு பசிதா வந்து நின்றாள். "நேத்து ஒரே ஒரு வீட்டுக்குப் போனியாமே?"

"யார் சொன்னா?"

"ஜன்னல் இருக்கிறவங்க எல்லாரும் சொல்றாங்க. ஜோவெலினுக்கு என்ன?"

"தெரியாது."

"அவ அம்மாவுக்கா?"

"தெரியாது."

"என் பையன் அந்த வீட்டுல கட்டப்போறான்டி! நான் உன் கூடப்பொறந்தவளா, தெருவுல போறவளா?"

"கூடப்பொறந்தவதான். உக்காருக்கா. பாசிப்பயறு ஆக்கியிருக்கேன், கருவாடு போட்டு. சாப்பிடு."

"சாப்பிடு சாப்பிடுன்னே ஊரை ஏமாத்தி வெச்சிருக்கே. எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். 'ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லு. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

அடுப்பை அணைக்கிற சாக்கில் ஹெர்மினியா முதுகைக் காட்டினாள். இல்லை என்று சொன்னால் அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போவாள். என்றைக்காவது உண்மை தெரியவரும்போது, தங்கை வாயால் வந்த பொய் அது என்பதும் தெரியவரும். இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பெண் நாளை கதவைத் திறக்க மாட்டாள். அவள் மட்டுமல்ல, அடுத்த வருஷத்து வீடும் திறக்காது. இருமலை மறைத்துக்கொண்டு இருளில் கிடக்கும்.

"தெரியாதுக்கா," என்றாள் அடுப்பைப் பார்த்தே.

பசிதா சாப்பிடாமல் கிளம்பினாள். அந்த வீட்டிலிருந்து அவள் சாப்பிடாமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நீ வந்தே ஆகணும். உன் வாயைப் பூட்டலாம், மூஞ்சியைப் பூட்ட முடியாது. பொறந்ததிலேர்ந்து பார்க்கிற மூஞ்சி. அங்க வெச்சுக் கண்டுபிடிக்கிறேன்."

அன்று ஹெர்மினியா கரைத்தெருவின் கடைசி வீடு வரை ஏறி இறங்கினாள். ஜோவெலின் வீட்டை நடுவில் வைத்துக்கொண்டாள். மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தபடியே சொன்னாள். "நேத்து மத்த வீட்டுக்கு நான் போகலை. தெரு பேசுது. தப்பு என்னோடது."

ஜோவெலின் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "உங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இந்தப் பை தோள்ல இருக்கிறப்ப எனக்கு அக்கா கிடையாது."

"ரோமெலுக்குத் தெரியும். எக்ஸ்ரேக்கு அவன்தான் கூட்டிட்டுப் போனான். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதேங்கிறான். நான் என்ன செய்யட்டும்?"

"மாத்திரையை முழுங்கு."

"அது சரி, அப்புறம்?"

"என் வேலை அதோட முடிஞ்சுது. மத்ததெல்லாம் உன்னோடது. சொன்னாலும் உன்னோடது, சொல்லாட்டியும் உன்னோடது."

"சொன்னா அவங்க எழுந்து போயிருவாங்களா?"

"தெரியாது," என்றாள் ஹெர்மினியா. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை சொன்ன வார்த்தை. அன்றுதான் நிஜமாகவே தெரியாமல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் அண்டாவும் கூடையுமாக வந்து இறங்கினார்கள். ஓலையில் சுற்றிய தேங்காய்ப்பால் சாதம், வறுத்த பன்றி, ஒரு கலயம் கள். தூது பேச வந்த பெரியவர், கடலில் திசை தவறிய படகுக்கு ஒரு கரை வேண்டும் என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தார். பெண் வீட்டுப் பெரியவர் இங்கே கரை கொஞ்சம் வழுக்கும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பசிதா மட்டும் விசிறியை ஆட்டிக்கொண்டு, பக்கத்தில் பச்சைக் கவுனில் உட்கார்ந்திருந்த தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெர்மினியா பன்றித்தோலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து ஜோவெலின் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"படகு, கரையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், தாத்தா. அத்தை, எனக்குக் காசம். நாலு மாசமா மாத்திரை சாப்பிடறேன், இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இப்ப யாருக்கும் ஒட்டாது, சளியில ஒண்ணும் இல்லைன்னு பார்த்தாச்சு. இதைச் சொல்லாம நான் உங்க வீட்டுக்கு வர மாட்டேன்."

விசிறி நின்றது. பெண்ணின் அம்மா கவுனின் ஓரத்தை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ரோமெல் எழுந்துபோய் ஜோவெலின் பக்கத்தில் நின்றான். யாரும் அவனை அங்கே போய் நிற்கச் சொல்லவில்லை.

பசிதா மகனைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா கட்டிக்கிறேங்கிறே?"

"ஆமாம்மா."

பசிதா பெண்ணை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "இவ்வளவு பேர் நடுவுல எழுந்து நின்னு சொல்றா. என் வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் வாயில பூட்டு," என்றாள். பிறகு மூச்சை விட்டு, "ரெண்டு மாசம் முடியட்டும். அதுக்கடுத்த மாசம் கல்யாணத்தை வெச்சுக்கலாம். அதுவரைக்கும் இவ ஒழுங்கா மாத்திரை முழுங்கணும்," என்றாள்.

தூதுப் பெரியவர் அவசரமாகக் கள்ளை ஊற்றினார். பேச்சு மறுபடி எழுவதற்குள் பசிதா நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தங்கைக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுடி. அவளே சொல்லிட்டா. உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

அறை முழுக்க ஹெர்மினியாவைப் பார்த்தது. சுற்றுவட்டாரத்துக்கே சுகாதார நிலையம் ஒன்றுதான். நர்ஸக்காவும் ஒருத்திதான்.

ஹெர்மினியா விரலைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அன்று காலையில் தன் கையால் மாத்திரை கொடுத்த பெண்ணின் பக்கம் திரும்பி, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள்.

"எந்த மாத்திரைம்மா குடுக்கிறாங்க? காலையிலயா, சாயங்காலமா?"