இரண்டு வேக வண்டிகளும் ஓர் எலுமிச்சம்பழமும்: மேலப்பாளையத்திலிருந்து பாபநாசம்வரை

ஏழு மாதமாக இங்கே எதுவும் எழுதவில்லை. எங்கேயும் போகவில்லை, அதனால் எழுத ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து தூக்கத்திலேயே போய்விட்டார். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கும் இப்போது சொல்லியாகிவிட்டது. இனிப் பயணத்தைச் சொல்கிறேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் போய் வந்தோம். கோயிலுக்காகப் போகவில்லை. விலை கூடிய இரண்டு வேக வண்டிகளில் எதை வாங்கலாம் என்று ஓட்டிப் பார்க்கப் போனோம். வாங்குவது நான் இல்லை, பயப்பட வேண்டாம். நான் எட்டாப்பு படித்தவள், சீவலப்பேரிக்காரி, டவுன் பஸ்ஸில் போகிறவள். வாங்குகிறவர் மேலப்பாளையம் காதர் அண்ணாச்சி. அவர் துபாயில் கடை வைத்திருந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர்தான் அவருக்கு டிரைவர்.

அண்ணாச்சிக்கு வயது அறுபதை நெருங்கும்போது ஒரு கிறுக்குப் பிடித்தது. மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள ரேஸ் மைதானத்துக்குப் போவார். பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, தன் வண்டியிலேயே வட்டம் சுற்றுவார். போட்டி கிடையாது, சும்மா வேகமாக ஓட்டிப் பார்ப்பது. முடித்துவிட்டுக் களைத்துப்போய்ப் பின்சீட்டில் விழுந்தால், முந்நூற்றைம்பது கிலோமீட்டரும் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்வார். ஓட்டிவருவது என் வீட்டுக்காரர்.

வண்டி வாங்குமுன் சோதிப்பதற்கு இவர் ஒரு வழி வைத்திருந்தார். எனக்கு மலைச்சாலை வளைவில் வாந்தி வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பாபநாசம் மலையில் ஏற்றி இறக்குவார். நான் வாந்தி எடுக்காமல் இறங்கினால் வண்டி தேறியது. எடுத்தால் வேண்டாம். அண்ணாச்சி இதை நம்பி மூன்று வண்டி வாங்கிவிட்டார். இதில் ஒரே சட்டம், எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கூடாது. மலை பஸ்ஸில் போகிறவர்கள் கையில் வைத்திருப்பார்களே, அதுதான். மோந்தால் பரீட்சை செல்லாது என்பார்.

அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். "தங்கச்சி, நீ ஒரு நா வந்து உக்காந்துட்டுப் போ. அவன் இல்லாம எனக்கு வண்டி எடுக்கத் தெரியல. ஏழு மாசமா வண்டியில கண்ணே மூடல பாத்துக்க."

முடியாது என்றேன். உடம்பில் தெம்பில்லை. அதுவும் பாபநாசம். இவர் அஸ்தியைக் கரைத்த இடம்.

என் மகள் செல்விதான் விடவில்லை. அப்பா போனதிலிருந்து அண்ணாச்சியின் பழைய வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். இவர் சொல்லிக்கொடுத்த ஓட்டு. வீடும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

"யம்மா, ரெண்டு வண்டில ஒண்ணு ரெண்டு சீட்டு வண்டி. அத எடுத்தா அவுகளே ஓட்டிக்கிடுவாகளாம், பழச வித்துருவாகளாம். அப்புறம் நான் எதுக்கு? நீ வந்து நாலு கதவு வண்டி நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

அதனால் போனேன்.

காலை ஐந்தே முக்கால் டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் மாறி ஏழு மணிக்கு மேலப்பாளையம். கொச்சியில் இருக்கும் ஒரு பழைய வண்டிக் கடையிலிருந்து இரண்டு வண்டியும் ஒரே லாரியில் வந்து இறங்கியிருந்தன. கூடவே அனீஷ் என்று ஒரு தம்பி. கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை, இரண்டுமே வெளிநாட்டு வண்டி.

மஞ்சள் வண்டிக்கு இரண்டு கதவு, இரண்டு சீட்டு. உயரம் என் இடுப்பளவு. முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகுதான் காலை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். நீல வண்டிக்கு நாலு கதவு. பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த வண்டி மாதிரி அடக்கமாக நிற்கும். இரண்டிலும் எஞ்சின் பலம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார் அனீஷ். மஞ்சள், மைதானத்துக்காகச் செய்தது, வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். நீலம், வீட்டுக்காகச் செய்தது, மைதானத்திலும் ஓட்டலாம். ஆனால் கனம் அதிகம், பத்து வட்டம் சுற்றினால் பிரேக் சூடேறிவிடும். இதைச் சொன்னதும் அண்ணாச்சியின் கண் மஞ்சளுக்குப் போய்விட்டது.

அவர் வீட்டம்மா வாசலில் நின்று கேட்டார்கள்: "அத வாங்குனா என்னைய எங்க வச்சுக் கூட்டிட்டுப் போவீய, டிக்கியிலயா?"

"டிக்கில ஒரு பொட்டியே போகாது. நீ எங்க போக?" என்றார் அண்ணாச்சி.

ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். அண்ணாச்சி மஞ்சளை ஓட்ட, அனீஷ் அவர் பக்கத்தில். நீலத்தைச் செல்வி ஓட்ட, நான் பின்னால். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அம்பைவரை நீல வண்டியில் குறையே சொல்ல முடியாது. மடியில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. இத்தனை வருடமும் இப்படித்தான், பின்சீட்டிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டுக்காரருடைய பிடரியும் ஓரமாக ஓடுகிற வயலும்தான். அன்று அந்த இடத்தில் செல்வியின் கொண்டை. நான் வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாபநாசம் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பை எல்லாம் பார்த்துவிட்டு விட்டார்கள். தாண்டியதும் செல்வி பின்னால் கையை நீட்டினாள். கையில் எலுமிச்சம்பழம்.

"மோந்துக்கோம்மா. யாரு பாக்கப் போறா?"

வாங்கிக்கொண்டேன். மோக்கவில்லை. கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

மஞ்சள் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு முன்னால் ஏறி மறைந்துவிட்டது. பின்தங்கினால் ஓட்டத் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்று செல்விக்குத் தோன்றியிருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினாள். நீல வண்டியின் குரலே மாறிப்போனது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை மிதித்தாள், மிதித்த சூட்டோடு மறுபடி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். மூன்றாவது வளைவில் நான் அவள் தோளைத் தட்டினேன். ஓரம் கட்டினாள். இறங்கி, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

செல்வி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"கையில வச்சிக்கிட்டும் மோக்கலையாம்மா நீ?"

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"அவுக முன்னால போயிட்டாக. பாக்கல. கேட்டா எடுக்கலன்னு சொல்லிரு. என்னம்மா? சொல்லிருவேல்லா?"

வண்டியில் ஏறினேன். மேலே அகத்தியர் அருவிப் பக்கம் அண்ணாச்சி இருபது வயசுப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். இரண்டு வண்டியிலும் போய் முடித்த பிறகுதான் என்னைக் கேட்பது வழக்கம், அதனால் அப்போது கேட்கவில்லை. கீழே இறங்கி வந்து கோயில் படித்துறையில் வாய் கொப்பளித்தேன். ஏழு மாதத்துக்கு முன்னால் அவரைக் கரைத்த அதே படி. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அசதிதான் வந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒரு குரங்கு வந்து எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது.

ஒன்பதரைக்குத் திரும்பினோம். இப்போது மஞ்சள் வண்டியில் நானும் செல்வியும். நீலத்தை அனீஷ் ஓட்ட, அண்ணாச்சி அவர் பக்கத்தில். மஞ்சளில் பின்சீட்டு இல்லையே, அதனால் வாழ்க்கையில் முதல்முறையாகக் காரில் முன்னால் உட்கார்ந்தேன். சாலை மடியிலேயே வந்து விழுகிற மாதிரி இருந்தது. சீட்டு பலகை போலக் கடினம், ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் முதுகில் தெரியும். வாந்தி மட்டும் வரவில்லை.

வேகத்தடைதான் பெரிய தொல்லை. நேராக ஏறினால் அடியில் கரகரவென்று உரசும், கோணலாகப் பைய ஏற்ற வேண்டும். கல்லிடைக்குறிச்சி தாண்டி ரோட்டில் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுப்புக்காலம். செல்வி அதற்குப் பக்கத்தில் போனதும் நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண் பலகையை ஓங்கினாள்.

"ஏளா! இது வண்டியா தவக்களையா? நெல்லுல ஏத்துன, கண்ணாடிய ஒடைச்சிருவேன்!"

"ஏத்தலக்கா. பைய போயிருதேன்."

"பைய போறதுக்கா இம்புட்டுச் சத்தம்?"

மலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்த செல்வி சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

சேரன்மகாதேவியில் டீக்கடையில் நிறுத்தினோம். டீ பதினைந்து ரூபாய், உளுந்தவடை பத்து. அண்ணாச்சி கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்.

"சொல்லு தங்கச்சி. நீல வண்டில எடுத்தியா, எடுக்கலயா?"

செல்வி என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் வைத்த பரீட்சை இது. இவர் இல்லாதபோது நான் அதில் பொய் சொன்னால், இத்தனை வருடம் சொன்னதும் பொய்யாகிவிடும் என்று பட்டது.

"எடுத்தேன் அண்ணாச்சி. மூணாவது வளைவுல."

அனீஷ் மஞ்சள் வண்டியைப் பார்த்தார். "மற்றதில்?" என்றார்.

"எடுக்கல தம்பி. ஆனா அது கணக்குல வராது. அதுல நான் மலை ஏறல. அதோட முன்னால உக்காந்தா எனக்கு பஸ்ஸுலகூட வராது." அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "நீல வண்டில குறையில்ல. அம்பை வரைக்கும் தொட்டில்ல போட்ட மாதிரி வந்தேன். மலையில பிள்ள ஒங்கள வெரட்டிட்டுப் போனா. வளைவுக்குள்ள போயி பிரேக்க மிதிக்கா. குறை வண்டிலயில்ல, இவ கால்லதான்."

"யம்மா!" என்றாள் செல்வி. கண் நிறைந்துவிட்டது. வண்டியைக் காப்பாற்றப் போய் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

அண்ணாச்சி செல்வியைப் பார்த்தார். பிறகு தன் வெள்ளைச் சட்டையின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கன. துபாய்ல மொத வாரம் ஒங்கப்பன் போட்ட பிரேக்குல சூடு சாயா மொத்தமும் இங்கனதான் கொட்டிச்சு. பொறவு அவன நான் விட்டனா?" எழுந்தார். "நான் நீல வண்டில பின்னால உக்காருதேன். தங்கச்சி, நீ முன்னால ஏறு. ஏளா செல்வி, வீடு வரைக்கும் ஓட்டு. யாரயும் வெரட்டாத. தம்பி, நீரு ஒம்ம தவக்களைய ஓட்டிட்டு வாரும்."

நெல்லுக்காரி சொன்னதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அந்த வண்டியைப் பார்க்கிற எல்லாருக்கும் அதுதான் தோன்றும் போல.

பத்தமடையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. செல்வி தூரத்திலேயே காலை எடுத்துவிட்டாள். வண்டி தானாக வேகம் குறைந்து, மாடு போன பிறகு தானாக ஓடியது. முன்னீர்பள்ளம் வரும்போது பின்னாலிருந்து பேச்சில்லை. செல்வி கண்ணாடியைப் பார்த்தாள். என்னைத் தொட்டு, பின்னால் கண்ணைக் காட்டினாள். அண்ணாச்சி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டு வாசலில் செல்வி எஞ்சினை நிறுத்தவில்லை, ஏசியையும் நிறுத்தவில்லை. அவள் அப்பா அப்படித்தான் செய்வார், எழுப்ப மாட்டார். அனீஷ் வந்து கண்ணாடியைத் தட்டப் போனார், நான் விரலை உதட்டில் வைத்தேன். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டபோதுதான் அண்ணாச்சி விழித்தார்.

"வந்தாச்சா?" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். "இதையே எடுத்துருவோம். பத்து வட்டத்துல சூடானா, எட்டு வட்டத்துல நிறுத்திக்கிடுதேன்."

இனி, இப்படி வண்டி வாங்க நினைக்கிறவர்களுக்கு. மைதானத்துக்கு மட்டும், அதுவும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வசதி இருந்தால், இரண்டு சீட்டு வண்டி வாங்குங்கள், அதன் சந்தோஷமே வேறு. அதிலேயே கடைக்கும் கல்யாணத்துக்கும் போக வேண்டுமானால் நாலு கதவுதான். இரண்டும் பெட்ரோல் குடிப்பதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, போக வர நூறு கிலோமீட்டருக்குப் பதினாறு பதினேழு லிட்டர். ஷோரூம் முன்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாங்காதீர்கள். நீங்கள் தினம் போகிற ரோட்டில், உங்கள் ஊர் வேகத்தடையில் ஏற்றிப் பாருங்கள். வாந்தி வருகிற ஆள் ஒருவரைப் பின்னால் உட்காரவையுங்கள், எலுமிச்சம்பழம் கொடுக்காதீர்கள். அவர் வாந்தி எடுத்தால் வண்டியைத் திட்டுமுன் டிரைவரை நிதானமாக இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். மலைக்குப் போகும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம், துணிப்பை வையுங்கள். பங்குனியில் போனால் ரோட்டில் நெல் கிடக்கும், அது அவர்களுடைய சோறு, ஒதுங்கிப் போங்கள். கார் இல்லாதவர்களுக்குத் திருநெல்வேலி புது பஸ்ஸ்டாண்டிலிருந்து பாபநாசத்துக்கு நிறைய பஸ் உண்டு. முன்னால் உட்காருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீல வண்டி அண்ணாச்சி பெயருக்கு வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது என் வீட்டுக்காரர் வழக்கம், அண்ணாச்சி ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. செல்வி மூன்று பழம்தான் வாங்கிவந்திருந்தாள். நான்காவதாக அன்று என் கையில் இருந்ததை வைத்தாள், தோல் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. ஜும்மா முடித்து வந்த அண்ணாச்சி பிஸ்மி சொன்னார். செல்வி வண்டியை எடுத்தாள். பழம் நசுங்கியது, சத்தம்கூட இல்லை.

நான் பின்சீட்டில் இருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் இப்போது செல்வியின் பிடரி தெரிகிறது.