உறை கிழிந்த மாதம்

நாள் தள்ளிப்போய்ப் பதினோராவது நாள். சிறுநீர்ப் புட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் பிள்ளை வரம் வேண்டிக் காத்திருந்தார்கள். நான் மட்டும் ‘இல்லை’ என்று வரவேண்டுமே என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப்போல் இதய நோயோடு குடும்பம் நடத்தும் பெண்கள் இருப்பீர்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததை உங்களுக்காவது சொல்லி வைக்கிறேன்.

எனக்கு மைட்ரல் வால்வு சுருக்கம் (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் கதவு குறுகிப்போவது). சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போன சொத்து அது. முதல் பிரசவத்தில்தான் வெளியே தெரிந்தது. மூச்சுவிட முடியாமல் பல நாள் உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

“வால்வைச் சரிபண்ணாம இன்னொன்னு உண்டாச்சுன்னா, உன்னைக் காப்பாத்திருவேன்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டரம்மா.

வால்வு அறுவைக்கு வரிசையில் காத்திருந்தோம். கருத்தடை மாத்திரை இரத்தத்தை உறைய வைக்கலாம், லூப் (கருப்பைக்குள் வைக்கும் வளையம்) வழியாகக் கிருமி சேரலாம் என்று டாக்டரம்மா இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டார். வால்வு சரியாகும் முன் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு மயக்கம் கொடுத்தால் என் இதயம் தாங்காது. ஆண்களுக்கான ஆபரேஷன் என்றாலே என் கணவர் முகம் வெளிறிவிடும். சில வருடங்களுக்கு முன்பு, நெருக்கடி நிலையின்போது, ஆட்களைப் பிடித்துப்போய்ச் செய்ததைப் பார்த்தவர் அவர். மிச்சமிருந்தது சிவப்பு முக்கோணம் போட்ட பாக்கெட்டில் வரும் ரப்பர் உறை ஒன்றுதான்.

அப்போது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வறண்டு கிடந்தது. நெருங்கினாலே எரிச்சல், ஒருமுறை இரண்டு சொட்டு இரத்தமும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன? நான் என்ன மனுசனா மாடா?” என்று கோபித்துக்கொண்டார்.

சிம்மக்கல்லில் அவருக்கு எண்ணெய் மண்டி. வயிற்றுக்கு விளக்கெண்ணெய், தலைக்கு நல்லெண்ணெய் என்று உலகத்துக் கோளாறுக்கெல்லாம் எண்ணெயில் மருந்து வைத்திருக்கும் மனிதர். மறுநாளே சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்.

“நம்ம சரக்கு. ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. பச்சைப் பிள்ளைக்கே தேய்க்கிறோம், உன்னைய என்ன செஞ்சிரும்?”

வலி நின்றது. மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தோம், மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உறை கிழிந்திருந்தது.

குளியலறைக்கு ஓடிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். யாருக்கும் தெரியாமல் பப்பாளிக்காய் தின்றேன், எள்ளும் வெல்லமும் இடித்துத் தின்றேன். இவை எதுவும் கருவைத் தடுக்காது, சோப்பு புண்ணைத்தான் கூட்டும். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் நான். இனப்பெருக்கப் பாடம் வந்தால் “வீட்ல படிச்சுக்கங்க” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிற டீச்சர்.

அந்த நாட்களில் நான் செத்துவிடுவேன் என்றே நம்பினேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் அடிவயிற்றில் கை போகும். எட்டு மாதக் குழந்தையை டம்ளரில் பால் குடிக்கப் பழக்கத் தொடங்கினேன். நான் இல்லாவிட்டாலும் அவள் பசியாற வேண்டுமே. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. புரை ஏறி அவள் இருமும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

அன்று மருத்துவமனையில் சோதனைச் சீட்டைப் பார்த்து டாக்டரம்மா, “இல்லைன்னுதான் வந்திருக்கு” என்றார். “பால் குடுக்கிறப்ப முன்னப் பின்னதான் ஆகும். ஒரு வாரத்துல வரலைன்னா மறுபடி வா, இன்னொரு தடவை பாத்துருவோம். சரி, உறை எப்படிக் கிழிஞ்சுச்சு? ஏதாச்சும் தடவுனீங்களா?”

கூட வந்திருந்த என் கணவர் தரையைப் பார்த்தார். “தேங்கா எண்ணெய்தாம்மா. சுத்தமான எண்ணெய்.”

“சுத்தமா இருந்தா என்னப்பா? எண்ணெய் பட்ட ரப்பர் நிக்குமா?”

“டின்னுலருந்து எண்ணெய் இறக்குற ரப்பர் குழா ஊறி ஊறிப் பிஞ்சு போகும்மா. நாந்தான் மாத்தி மாத்திப் போடுறேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் இவளை…” என்றவர் முடிக்க முடியாமல் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார். பெண்களைச் சோதிக்கும்போது கையுறையில் தடவும் ஜெல்லி (தண்ணீரில் கரையும் வழவழப்பான கூழ்).

“மருந்துக் கடையில இந்த மாதிரி கேளுங்க. ரெண்டு விரல்ல தடவித் தண்ணியில காட்டுனா வழவழப்புப் போயிரணும். பிசுக்கு நின்னுச்சுன்னா அதுல எண்ணெய் இருக்கு, உறையோட சேக்கக் கூடாது. வாசனை போட்டது வேணாம். மரத்துப்போற மருந்து கலந்ததும் இருக்கு, அதுவும் வேணாம், வலி தெரியாமலே புண்ணாயிரும். முதல்ல கையில உள்பக்கம் தடவி ஒரு நாள் பாரு, அரிப்பு இல்லைன்னா சரி. காஞ்சுச்சுன்னா இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க. மறுபடி ரத்தம் பட்டா ஒளிச்சு வைக்காம இங்க வரணும்.”

“வேசலின்?” என்று கேட்டேன். அதுவும் எண்ணெய்ச் சாதிதான் என்றார். நெய், வெண்ணெய், தலைவலித் தைலம் என்று மற்ற பெண்கள் செய்துகொண்டு வந்த கூத்துகளையும் சொன்னார். பயத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

நான்காம் நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இடுப்பு இழுத்தது. மாதவிலக்குதான். பள்ளிக்கூடக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மணியடிக்கும் வரை அழுதேன்.

செய்தி கேட்டதும் அவர், “ஆபரேசன் நானே பண்ணிக்கிறேன்” என்றார். துணிந்து போய்வர ஏழு மாதம் ஆனது. பயந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஜெல்லியை மட்டும் அன்றே வாங்கிவந்து, டம்ளர்த் தண்ணீரில் விரலை விட்டு, கலப்படம் பார்ப்பதுபோல் மூன்று முறை சோதித்தார். அப்படியும் டியூப் இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தது. அவர் கை தோளில் பட்டாலே நான் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். எனக்குக் கிழமை, தேதி எல்லாம் போய், வரவேண்டிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்ற ஒரே கணக்குதான் மிஞ்சியிருந்தது.

பிறகு ஒரு மழை மாலை. குழந்தை என் தங்கை வீட்டில் இருந்தாள். டியூபை நானேதான் எடுத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் சட்டென்று விலகி எழுந்தார்.

“படபடங்குதா? மாத்திரை எடுத்தாரவா?”

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். வால்வுத் துடிப்பு இடையில் தப்பித் தப்பி வரும். பயத் துடிப்பு வயிற்றிலிருந்து கிளம்பும். இது இரண்டும் இல்லை. இப்படி ஒன்று என் உடம்பில் இருந்ததையே மறந்திருந்தேன்.

“வேணாங்க. இது அது இல்ல” என்றேன்.

அவர் நம்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தேன்.