அட்டையின் மறுபக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகளில், பொங்கலுக்கு முந்திய வாரம் சுவருக்குத் தாள் ஒட்டுவார்கள். இலங்கை மலையகத்து மஸ்கெலியாக் குளிர் சுவர் வெடிப்பு வழியாக உள்ளே வரும். அடுப்புப் புகை சுண்ணாம்பைக் கறுப்பாக்கிவிடும். கோதுமை மாவில் பசை காய்ச்சி, கிடைத்த தாளையெல்லாம் ஒட்டிவிட்டால் இரண்டுக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷம் எங்களுக்கு வாய்த்தது ஓர் இங்கிலீஷ் சித்திரக்கதைப் புத்தகம். துரை பங்களாவில் அப்பாவுக்குப் பூஞ்செடி வேலை. துரை மகன் படித்துப் போட்டதைச் சமையல்காரர் அப்பாவிடம் கொடுத்திருந்தார்.

அம்மா அதன் கம்பியைப் பிடுங்கி, தாள்களைப் பிரித்து, பாதியைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தக் காம்பராவில்தான் என் சிநேகிதி இருந்தாள். இருவருக்கும் பத்து வயது. ஆக, ஒரு கதை இரண்டு வீட்டுச் சுவர்களில் முன்னுக்குப் பின்னாக ஏறிக்கொண்டது. பாதிப் பக்கங்கள் பசைக்குள் போய்விட்டன.

கதையில் இரண்டு எந்திர மனிதர்கள். ஒருவன் சிவப்பு, ஒருவன் நீலம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடிக்க வந்த தோட்டத்து வாத்தியார்தான் சுவரைப் படித்துச் சொன்னார்: “பழங்காலத்து ஆளுங்க தங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் ஒரு பொஸ்தகத்துல எழுதி மலைக்குள்ள மறைச்சு வச்சிட்டாங்களாம். அதுக்கு இவனுங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறானுங்க.”

அவ்வளவுதான், நாங்களும் அடித்துக்கொண்டோம். நான் நீலன் கட்சி, அவள் சிவப்பன் கட்சி. எங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாததால் படங்களுக்கான பேச்சையெல்லாம் அவளே பேசி நிரப்பினாள். அவள் வாயில் எந்திரங்கள் எங்கள் கங்காணியைப் போலவே சத்தம் போட்டன.

“அந்தப் பொஸ்தகத்துல என்னாடி இருக்கும்?” என்று கேட்டேன்.

“எல்லாந்தான். மழ எப்ப விடும், யாரு எங்க போவாங்க, எல்லாம்.”

கடைசியில் புத்தகம் யார் கைக்குப் போனது என்பதில்தான் சிக்கல். கதையின் கடைசிப் பக்கம் அட்டையின் மறுபக்கத்தில் இருந்தது. அட்டை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது. அவளுடைய அம்மா படம் வெளியே தெரியும்படி ஒட்டி, கதையைச் சுவரோடு சேர்த்துவிட்டார். அட்டையில் சிவப்பனும் நீலனும் ஒரு கல் கதவை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிய்த்துப் பார்க்கலாம் என்று நகத்தை வைத்தோம். அவளுடைய அம்மா கரண்டியோடு வந்தார். “பொங்கலுக்கு ஒட்டுனத அடுத்த பொங்கலுக்குத்தான் கிழிக்கணும். அதுக்குள்ள கைய வச்சா தெரியும்!”

சரி, அடுத்த பொங்கல் வரட்டும் என்று காத்திருந்தோம். மார்கழி பிறப்பதற்குள் அவர்களுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகிவிட்டது. “இதுக்கு மேல இங்க என்னா இருக்கு? ஊருக்கே போயிருவோம்” என்றார் அவளுடைய அப்பா. எங்கள் லயத்தில் இந்தியாவை யாரும் இந்தியா என்று சொன்னதில்லை. ஊர் என்பார்கள், அவ்வளவுதான். பெரியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை. எங்களுக்கு அது வானம் மாதிரி, எல்லோருக்கும் ஒன்றே.

அவர்கள் புறப்பட்ட காலையில் அட்டன் ஸ்டேஷனுக்குப் போகும் லொறி கீழ் ரோட்டில் நின்றது. பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எனக்குத் தெரியாத முடிவை விட்டுவிட்டு இவள் போகிறாளே என்ற ஆத்திரம். லொறியில் ஏறியவளிடம் நான் கேட்டது இது ஒன்றுதான்:

“கடைசிப் பக்கம் எங்கடி?”

அவள் சிரித்தாள். “வீட்டுல போயிப் பாரு.”

லொறி வளைவு திரும்புமுன்னே ஓடினேன். பூட்டு இன்னும் போடவில்லை. அட்டை இருந்த இடத்தில் சதுரமாக வெள்ளைச் சுவர் தெரிந்தது. கீழே ஈரத் துணி கிடந்தது. ஓரம்கூடக் கிழியாமல், தண்ணீர் தொட்டுத் தொட்டு, விடியுமுன்னரே எழுந்து பிய்த்திருக்கிறாள். சதுரத்துக்குள் அடுப்புக்கரியால் எழுதியிருந்தாள்:

‘ஊருக்கு வா. காட்டுறேன்.’

திருடி, என்று வாய்விட்டுத் திட்டினேன். அன்று மாலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் தாண்டி வந்த அப்பாவை வழிமறித்தேன். “அவுங்க ஊரு எதுப்பா? பேரென்னா?”

அப்பா யோசித்தார். “ஊரு... திருச்சிப் பக்கம்னு நெனைக்கிறேன். இல்ல, புதுக்கோட்டையோ? கேக்கலியேம்மா.”

லயம் முழுக்க விசாரித்தேன். யாருமே கேட்டிருக்கவில்லை. பத்து வருஷம் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், ஊருக்குப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டி வழியனுப்பியிருக்கிறார்கள். நானும்தான். லொறி நின்ற நேரத்தில் இன்னொரு கேள்விக்கு இடம் இருந்தது. நான் எந்திரங்களைப் பற்றிக் கேட்டேன்.

கடிதம் வரவில்லை. அவளுக்கு எங்கள் தோட்டத்து விலாசம் எழுதத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு அங்கே குடிவந்தவர்கள் கரி எழுத்தின் மேல் தாள் ஒட்டினார்கள். நான் பசை கலக்கிக் கொடுத்தேன்.

பிறகு நான் இங்கிலீஷ் படித்தேன். எங்கள் சுவரில் நான் கிழிக்க விடாமல் வைத்திருந்த தாள்களை வாசித்தபோது, அவள் சொன்ன பேச்சில் ஒரு வரிகூட அங்கே இல்லை. அவளுடையதுதான் நன்றாக இருந்தது. அவளை நினைக்காத பொங்கல் எனக்கு இன்னும் வரவில்லை.

சிவப்பனே ஜெயித்தான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும். ஊர்ப் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம்.