இத்தேயாவில் தங்கிவிட்ட கப்பல் சமையல்காரர்

ஹெப்ரான் அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கப்பல் அலுமினியம் எடுக்கும் பாக்சைட் மண் ஏற்ற கிரேக்க நாட்டின் இத்தேயா துறைமுகத்துக்குப் போனது. போன இடத்தில் கப்பல் முதலாளி கடனைக் கட்டாமல் கைவிரித்துவிட்டான். துறைமுக அதிகாரிகள் கப்பலைப் பிடித்துவைத்தார்கள். அரிசியும் பருப்பும் கரைந்துகொண்டே வந்தன.

உதவிக்கு வந்தது அந்த ஊர்தான். ரொட்டிக்கடை நடத்திவந்த ஸ்டமாட்டியா என்ற விதவை தினமும் படகில் ரொட்டி அனுப்பினாள். நன்றி சொல்லக் கரையிறங்கிய ஹெப்ரானைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள்.

இத்தேயா கடலோரம் ஒடுங்கிய சின்ன ஊர். தெல்பி நகராட்சியைச் சேர்ந்தது. நகராட்சி என்று பெயரே தவிர, நம் தாலுகாவைப் போலப் பல ஊர்கள் அதற்குள் அடக்கம். மலையடிவாரம் வரை ஒலிவத் தோப்பு. மேலே தெல்பியின் பழங்கோயில் இடிபாடுகள். அதற்கும் மேலே, அடுத்த நகராட்சியில், பனி விழும் அராஹோவா என்ற மலையூர். போன ஊரிலெல்லாம் யாராவது எண்ணெயோ பாலாடைக்கட்டியோ கொண்டுவந்து காரில் வைத்தார்கள். வேதாகமத்தில் மட்டுமே படித்திருந்த ஒலிவ மரத்தைத் தொட்டபோது தனக்குக் கண் கலங்கிவிட்டதாக அண்ணாச்சி சொல்வார்.

பல மாதம் கழித்துக் கப்பல் ஆட்கள் ஊர் திரும்ப அனுமதி வந்தது. ஆனால் கப்பலைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் தங்க வேண்டும். இயந்திர அறையில் வேலை பார்த்த சுடலைராஜ் அவர்களில் ஒருவன். களக்காட்டில் அவன் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது.

"ஏலே, நீ கெளம்பு. ஒனக்குப் பதிலா நான் இருக்கேன்," என்றார் ஹெப்ரான்.

"அண்ணாச்சி, உங்களுக்கும் வீடு இருக்குல்லா?"

"இருக்கு. அங்கன எல்லாரும் சொகமாத்தான் இருக்காவ. பெட்டியக் கட்டுலே."

மனைவி ரீபாவிடம் போனில் சொன்னார். "குளிருக்குப் போட சட்டை இருக்கா?" என்றாள்.

"ரொட்டிக்கடைக்காரம்மா அவ வீட்டுக்காரரு கோட்டத் தந்திருக்கா."

"அப்பம் சரி. பத்திரமா இருங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டமாட்டியா வீட்டில், டப்பாவில் அடைத்த தேங்காய்ப்பாலில் ஹெப்ரான் சொதிக் குழம்பு வைத்தார். அக்கம்பக்கத்தார் ரொட்டியைத் தோய்த்துச் சட்டியை வழித்துவிட்டார்கள்.

கோடையில் கப்பல் ஏலம் போனது. ஹெப்ரான் ஊர் வந்து சேர்ந்த அன்று, தூத்துக்குடி விமான நிலையத்துக்கு ரீபாவோடு சுடலைராஜும் மனைவி, மகளுடன் வந்திருந்தான். ஹெப்ரான் தூக்கியதும் குழந்தை வீறிட்டு அழுதது. சிரித்துக்கொண்டே அதைத் தாயிடம் கொடுத்துவிட்டு, ரீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.